இரவில் வட்டமடிக்கும் வண்டிகள்: மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கடைத்தெருவை ஒட்டியது எங்கள் வீடு. வெள்ளி, சனி இரவுகளில் பத்து மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மணி வரை வண்டிகள் எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. பந்தயம் இல்லை, மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். மேல்முனையில் பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்து திரும்புவது, கீழ்முனையில் கடைகளின் கார் நிறுத்துமிடத்தில் திரும்புவது, மறுபடியும் அதே வழி. பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. போன மாதம் மாமியாருக்கு மூச்சுத்திணறல் வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். தெருமுனைக்கு வந்துவிட்ட ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்து சேர நெடுநேரம் ஆனது. இப்போது தெருக்குழுவில், 'இரவில் காரணமில்லாமல் வண்டியில் சுற்றுவதைத் தடை செய்ய வேண்டும்' என்று நகராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இருக்கிறதாம். அது வரும்வரை நாமே டிரம்களை வைத்துத் தெருவை அடைப்போம் என்றும் சிலர் சொல்கிறார்கள். சுற்றுகிறவர்களில் என் அண்ணன் மகனும் ஒருவன். நல்ல பையன், குடிக்க மாட்டான். நான் கையெழுத்துப் போடலாமா? போட்டால் அவனுக்கு வம்பு வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். மனு இப்போது இருக்கிறபடியே இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றி எழுதச் சொல்லுங்கள், மாற்றியதும் தாராளமாகப் போடுங்கள். டிரம் வைத்துத் தெருவை அடைக்கும் யோசனைக்கு மட்டும் எந்த நிலையிலும் உடன்படாதீர்கள். அண்ணன் மகனுக்கு மனுவால் வம்பு வராது. ஆனால் அவனிடம் நீங்கள் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது.

மனு கேட்கும் தடையில் எந்தத் தெரு என்பது இல்லை, எத்தனை மணியிலிருந்து என்பது இல்லை, எத்தனை முறை சுற்றினால் குற்றம் என்பதும் இல்லை. ஒருவர் காரணத்தோடு போகிறாரா இல்லையா என்பதைத் தெருவில் நிற்கும் மெட்ரோ போலீஸ்காரரே (நகராட்சியின் போலீஸ்) முடிவு செய்துகொள்ளலாம். அப்படி ஒரு விதி வந்தால் யார் யார் நிறுத்தப்படுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்.கே. கான் மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் மகளை விட்டுவிட்டு வரும் அப்பா. டேக்அவே கடையிலிருந்து வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பையன். ஊபர் ஓட்டுகிறவர். கோயில் திருவிழா முடிந்து பெரியவர்களை இறக்கிவிட நாலைந்து நடை போய்வரும் வேன். இவர்கள் எல்லோரும் ஒரே தெருவில் திரும்பத் திரும்பப் போகிறவர்கள்தான்.

நம் தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு எல்லோருக்கும் நடமாட்டச் சுதந்திரம் தருகிறது. அது சும்மா எழுதப்பட்ட வரி இல்லை. 1913-ல் நட்டாலுக்கும் டிரான்ஸ்வாலுக்கும் இடையிலான எல்லையை அனுமதிச்சீட்டு இல்லாமல் கடந்து சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை அவர்களில் ஒருவர், சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்துபோனார். கறுப்பின மக்கள் பாஸ் புத்தகம் என்ற அனுமதி ஏடு இல்லாமல் தெருவில் நடக்க முடியாத காலம் 1986 வரை நீடித்தது. 'நீ இங்கே ஏன் இருக்கிறாய்?' என்று எந்த நேரமும் கேட்கும் அதிகாரத்தைப் போலீஸிடம் நாமே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

அதற்காக உங்கள் தெருவில் நடப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அதே அரசியல் சாசனத்தின் 36-ஆவது பிரிவு, நியாயமான காரணம் இருந்தால் உரிமைகளுக்கு வரம்பு போடலாம் என்கிறது. ஆனால் அந்த வரம்பு எல்லோருக்கும் பொதுவான சட்டமாக இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டில் அதே பலன் கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் எல்லாமே இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது.

அமெரிக்க விதிகளைப் பற்றி உங்கள் குழு கேள்விப்பட்டது உண்மைதான், பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் யார்க் என்று ஒரு நகரம். அங்கே நகர மையத்தில் இளைஞர்கள் வண்டிகளோடு ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நகராட்சி போட்ட விதி மிகக் குறுகலானது: குறிப்பிட்ட சில தெருக்களில் மட்டும், மாலை 7 மணியிலிருந்து அதிகாலை 3.30 வரை மட்டும், ஒரு கண்காணிப்பு இடத்தை இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் கடந்தால் குற்றம். இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1990-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்ளூர்ச் சாலைகளில் போய்வருவதும் ஓர் உரிமைதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் நெரிசலையும் பாதுகாப்பையும் கருதி, இடமும் நேரமும் வகுத்துப் போட்ட இந்தக் கட்டுப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இடத்தையும் நேரத்தையும் எடுத்துவிட்டு அந்த விதியை நினைத்துப் பாருங்கள், அது உங்கள் குழுவின் மனுவாகிவிடும். அப்படி ஒன்றை அந்த நீதிமன்றம் ஏற்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கலிஃபோர்னியா இன்னும் கவனமாக இருந்தது. அங்கே ஊர்கள் இப்படி விதி போட மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது, ஆனால் நிபந்தனைகளோடு. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நெரிசல் இருக்கிறது என்பதை அங்குள்ள மூத்த போலீஸ் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். ஓட்டுநருக்கு முதலில் எழுத்தில் எச்சரிக்கை கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் வந்தால்தான் குற்றம். தெருவின் தொடக்கத்திலும் முடிவிலும் பலகை இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தும் என்ன ஆனது? தாழ்த்திக் கட்டிய அலங்கார வண்டிகளை ஓட்டும் மெக்சிகோ வம்சாவளியினர், இந்த விதி தங்களையே குறிவைக்கிறது என்று பல ஆண்டுகள் போராடினார்கள். நேஷனல் சிட்டி என்ற ஊர் 1992-ல் கொண்டுவந்த தடையை 2023-ல் நீக்கியது. 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியா முழுவதும் எந்த ஊரும் இப்படித் தடை போட முடியாது என்று மாநிலமே சட்டத்தை மாற்றிவிட்டது.

நம் நீதிமன்றங்கள் வெளிநாட்டுச் சட்டத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று 39-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அந்த ஊர்களின் அனுபவம் நமக்கு உதவும். நம் ஊரில் யாரைக் குறிவைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய பழைய ஃபோக்ஸ்வாகன் கால்ஃபோ, பிஎம்டபிள்யூவோ வைத்திருக்கும் பையன் ஒரு முறை போனாலே நிறுத்துவார்கள். விலையுயர்ந்த புது வண்டி பத்து முறை போனாலும் விட்டுவிடுவார்கள்.

சரி, குறைந்த கட்டுப்பாட்டில் என்ன செய்யலாம்? ஏற்கெனவே இருக்கும் சட்டமே நிறையச் செய்யும். 1996-ன் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 64-ஆவது பிரிவைப் பாருங்கள்: சாலையில் உள்ள மற்றவர்களைக் கருத்தில் கொள்ளாமல் ஓட்டுவதே குற்றம். வேகம் வேண்டியதில்லை, பந்தயம் வேண்டியதில்லை. பொறுப்பற்ற அல்லது கவனக்குறைவான ஓட்டத்துக்கு 63-ஆவது பிரிவு. சைரன் போட்டு வரும் ஆம்புலன்ஸுக்கு உடனே, முழுமையாக வழிவிட வேண்டும் என்பதும் போக்குவரத்து விதிதான். பாட்டுச் சத்தத்துக்கு, டர்பனை ஆளும் இதெக்வினி நகராட்சி 2015-ல் கொண்டுவந்த, பொது இடங்களில் தொல்லை பற்றிய துணைவிதி (நகராட்சி போடும் உள்ளூர்ச் சட்டம்) இருக்கிறது. ஒரு வண்டி ஏழாவது முறை போகிறது என்று புகார் செய்யாதீர்கள். நடுத்தெருவில் வண்டியை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள், பின்னால் வந்த ஆம்புலன்ஸ் நின்றது, நள்ளிரவில் டிக்கியைத் திறந்து ஸ்பீக்கரை அலறவிட்டார்கள் என்று எழுதுங்கள். இவை ஒவ்வொன்றும் இன்றைக்கே வழக்குப் போடக்கூடிய குற்றங்கள்.

'எத்தனை தடவை போன் பண்ணினோம், யாரும் வரவில்லை' என்று குழுவில் சொல்வார்கள். அது உண்மையான ஆதங்கம். ஆனால் இருக்கிற சட்டத்துக்கே ஆள் வராத இடத்தில், வண்டி எண்களைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய புதிய சட்டத்துக்கு யார் வருவார்கள்? மனுவில் முதலில் கேட்க வேண்டியது ஆள்தான். வெள்ளி, சனி இரவு பத்திலிருந்து இரண்டு வரை அந்தத் தெருவில் ஒரு மெட்ரோ போலீஸ் வண்டி நிற்க வேண்டும் என்று, நாளும் நேரமும் போட்டுக் கேளுங்கள். போலீஸும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பேசும் சமூகக் காவல் மன்றக் கூட்டத்திலும் இதை எழுப்புங்கள்.

அடுத்து நான் சொல்வதைத்தான் நீங்கள் முக்கியமாகக் குழுவில் பேச வேண்டும். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மேலே பெட்ரோல் நிலையத்தில் திரும்புகிறார்கள், கீழே கார் நிறுத்துமிடத்தில் திரும்புகிறார்கள் என்கிறீர்கள். வட்டமடிக்க இரண்டு முனையிலும் சுலபமாகத் திரும்ப இடம் வேண்டும். ஒரு முனையை மூடினால் சுற்று நீண்டுபோகும், வேறு தெருக்கள் வழியாக வர வேண்டும், கூட்டத்தின் சுவாரசியமும் குறையும். கடைகளின் கார் நிறுத்துமிடம் தனியார் இடம். கடைகள் அடைத்த பிறகு நுழைவாயிலில் ஒரு சங்கிலி போட உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு. அதற்கு நகராட்சியும் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம், ஒரு கடிதமும் ஒரு பூட்டும் போதும். உள்ளே டேக்அவே கடை இரவில் திறந்திருக்கிறது என்றால், நுழையும் வழியைத் திறந்தே விட்டு, வெளியேறும் வழியை மட்டும் மறுபக்கத் தெருவுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். உரிமையாளர் தயங்கினால், அவருடைய இடத்தில் விபத்து நடந்தால் பொறுப்புக் கேள்வி அவரிடமும் வரலாம் என்பதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

பெட்ரோல் நிலையத்தை மூட முடியாது, மூடச் சொல்லவும் கூடாது. ஆனால் வலப்பக்கம் திரும்புவதைக் குறிப்பிட்ட இரவு நேரத்தில் மட்டும் தடைசெய்யும் பலகையை நகராட்சி வைக்கலாம். சாலைப் பலகைகள் வைக்கும் அதிகாரம் உள்ளூராட்சிக்கு ஏற்கெனவே இருக்கிறது. பலகை எல்லா வண்டிக்கும் பொது. அதை மீறினால் அபராதம், ஏன் சுற்றுகிறாய் என்ற கேள்வி எழவே எழாது. கால்ஃபுக்கும் புது வண்டிக்கும் ஒரே விதி. இதனால்தான் ஆளைப் பார்த்துப் போடும் தடையைவிடச் சாலையை மாற்றுவதை நான் விரும்புகிறேன்.

சாட்ஸ்வொர்த்துக்கு இது இன்னும் பொருந்தும். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ், 1960-களில் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாராக்ஸிலிருந்தும் நம் குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. சிறு மனைகள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வாசலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே சில அடிகள். வீட்டுக்கு ஒரு கார் வரும் என்று எண்ணி அந்தத் தெருக்களைப் போடவில்லை. அதனால்தான் பெரிய சாலைகளில் யாருக்கும் தெரியாமல் போகும் நெரிசல் உங்கள் வாசலில் ஒரு உயிருக்கே ஆபத்தாகிறது. மனுவில் இதையும் எழுதுங்கள், தெருவின் அகலத்தை அளந்து எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு தெருவில் தடுத்தால் அடுத்த தெருவுக்குப் போவார்கள். அதனால் பக்கத்துத் தெருக்காரர்களையும் முதலிலேயே கூப்பிட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அவர்கள் உங்களுக்கு எதிராக மனு எழுதுவார்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் குறையவில்லை என்றால், அப்போது துணைவிதி கேட்கலாம். போக்குவரத்தும் வாகன நிறுத்தமும், நகராட்சிச் சாலைகளும், ஒலி மாசும் அரசியல் சாசனத்தின் 5-ஆம் அட்டவணைப்படி உள்ளூராட்சிக்கு உரியவை. தேசிய, மாகாணச் சட்டங்களோடு முரண்பட்டால் துணைவிதி செல்லாது. 2000-ன் நகராட்சி அமைப்புகள் சட்டப்படி வரைவை நகராட்சி மன்ற உறுப்பினரோ அந்த மன்றத்தின் குழுவோதான் கொண்டுவர முடியும். ஆகவே உங்கள் வார்டு கவுன்சிலர் வழியாகத்தான் போக வேண்டும், வார்டு குழுவில் தீர்மானமாகப் போட்டால் எடை கூடும். வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே நிறைவேற்ற முடியும், மாகாண அரசிதழில் வந்த பிறகே அமலுக்கு வரும். மாதக்கணக்கில் ஆகும் வேலை. அதனால்தான் சங்கிலியையும் பலகையையும் முதலில் சொன்னேன்.

அந்தக் கட்டம் வந்தால் என்ன கேட்க வேண்டும்? தெருவின் பெயர், எங்கிருந்து எங்கே வரை, எந்த நாட்கள், எத்தனை மணி, எத்தனை முறை. நெரிசல் இருக்கும்போது மட்டும். முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை. இரண்டு முனையிலும் பலகை. அந்தத் தெருவில் குடியிருப்பவர், பஸ், டாக்ஸி, ஊபர், சாப்பாடு கொண்டுபோகிறவர், மருத்துவப் பணியாளர் ஆகியோருக்கு விலக்கு. அப்புறம், விதிக்கு ஓராண்டு ஆயுள்: பயன் தந்ததா, யார் யார் நிறுத்தப்பட்டார்கள் என்ற கணக்கை மன்றத்தில் வைத்த பிறகே நீட்டிக்க வேண்டும். இப்படி எழுதிய மனு என்னிடம் வந்தால் நானே கையெழுத்துப் போடுவேன்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். ஆம்புலன்ஸ் தாமதம்தான் உங்களிடம் உள்ள மிக வலுவான ஆதாரம். அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, வண்டி எப்போது சேர்ந்தது என்ற பதிவு சேவையிடம் இருக்கும். 2000-ன் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் அதைக் கேட்கலாம். நோயாளி உங்கள் மாமியார் என்பதால் விண்ணப்பம் அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வீடியோ எடுத்தால் போலீஸிடமும் கவுன்சிலரிடமும் மட்டும் கொடுங்கள். வண்டி எண்ணையும் முகத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடாதீர்கள். தப்பான ஆளைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

டிரம்கள் விஷயம். பொதுச் சாலையை அனுமதியில்லாமல் மறிப்பது குற்றம் என்பது ஒரு புறம். நீங்கள் வைத்த டிரம்மே அடுத்த ஆம்புலன்ஸை நிறுத்தும் என்பது இன்னொரு புறம். இரண்டையும் விட எனக்குப் பெரிய கவலை வேறு. 2021 ஜூலை கலவரத்தில், டர்பனை அடுத்து இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் குடியிருப்பாளர்கள் தாங்களே சாலைகளை மறித்து, வருகிறவர்களை நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், அந்தக் காயம் இரண்டு சமூகங்களுக்கும் நடுவே இன்னும் ஆறவில்லை. அன்றைக்கும் பலர் தங்கள் தெருவைக் காப்பாற்றத்தான் நிற்கிறோம் என்று நினைத்து நின்றார்கள். நள்ளிரவில் கோபத்தோடு நிற்கும் ஆண்கள், நிறுத்தப்பட்ட வண்டிக்குள் யாரென்று தெரியாத இளைஞர்கள், யாரிடமாவது ஒரு துப்பாக்கி. அந்த நிலைமையை உங்கள் தெருவில் உருவாக்க விடாதீர்கள். யோசனை மறுபடி வந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்ப்பைச் சொல்லுங்கள், நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

இனி உங்கள் அண்ணன் மகன். மனு என்பது நகராட்சியிடம் வைக்கும் வேண்டுகோள், யார் மேலும் கொடுக்கும் புகார் அல்ல. நாளைக்கே புதிய விதி வந்தாலும் அதற்கு முன் சுற்றியதற்காக அவனைத் தண்டிக்க முடியாது. செய்தபோது குற்றமாக இல்லாத ஒன்றுக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்று 35-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அவன் இப்போதே வழியை மறித்தாலோ, சத்தம் போட்டாலோ, இருக்கிற சட்டமே அவனைப் பிடிக்கும். அத்தை கையெழுத்துப் போட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் மாமியாருக்கு மூச்சுத்திணறிய இரவில் ஆம்புலன்ஸ் நின்றது அவனுக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரிந்திருக்காது. வரிசையில் முன்னால் இருக்கிற பையனுக்குப் பின்னால் யார் சிக்கியிருக்கிறார்கள் என்று தெரிவதில்லை. ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொல்லுங்கள், திட்ட வேண்டாம். பிறகு அடுத்த கூட்டத்துக்கு அவனையும், அவன் நண்பர்களில் ஒருவரையும் அழைத்துப் போங்கள். வண்டிமேல் ஆசை வைத்திருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கூடி நிற்க ஓர் இடம் வேண்டும். வீடுகள் இல்லாத பக்கமாக, உரிமையாளர் அனுமதியோடு ஒரு பெரிய நிறுத்துமிடம் மாதம் ஒரு முறை கிடைக்குமா என்று கவுன்சிலரிடம் கேட்பதையும் அதே மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள். அந்த வரியை எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள்.

மாற்றிய மனுவின் வரைவை அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர், டர்பன்